பன்னிரண்டாம் கேள்வி

(ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்போருக்கான கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மத்திய அரசு வேலைக்குத் தேர்வானவர்கள் நிரப்பித் தரும் படிவம் ஒன்று உண்டு. அட்டெஸ்டேஷன் ஃபார்ம் என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். அதில் பெரும்பாலும் 12 என்று எண்ணிட்டு ஒரு கேள்வி வரும். ஒரு கேள்வி என்றா சொன்னேன், அது ஒரு கேள்விக் கொத்து. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? வழக்குத் தொடரப்பட்டதுண்டா? காவலில் வைக்கப்பட்டதுண்டா? நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்ததுண்டா? நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா? தண்டிக்கப்பட்டதுண்டா? இப்போது ஏதாவது வழக்கு நிலுவையில் உள்ளதா? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு சொற்கள். ஒன்றை அடிக்க வேண்டும். படிவத்தின் தலையிலேயே எச்சரிக்கையும் இருக்கும்: பொய் சொன்னாலோ மறைத்தாலோ வேலை போய்விடும்.

நான் தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞன். நிர்வாகத்துக்காகவும் வாதாடியிருக்கிறேன், தொழிலாளிக்காகவும் வாதாடியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி வேலை இழந்தவர்களும் வந்திருக்கிறார்கள், ‘இல்லை’ என்று எழுதி வேலை இழந்தவர்களும் வந்திருக்கிறார்கள். கேள்வியைக் கேட்கவே கூடாது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. கேட்கத்தான் வேண்டும். எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது, பதில் கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். இன்று அதைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன்.

முதலில், ‘வழக்கு’ என்றால் என்ன என்று ஒரு தெளிவு வேண்டும். எஃப்ஐஆர் என்பது ஒரு புகார் வந்தது, அதைக் காவல் நிலையம் பதிவு செய்தது என்பதற்கான தாள். குற்றம் நடந்ததா என்பது விசாரணையில் தெரியும். யார் செய்தது என்பது நீதிமன்றத்தில் தெரியும். இது சட்டக் கல்லூரி முதலாண்டுப் பாடம். ஆனால் நம் அலுவலகங்களில் ‘அவன் மேல எஃப்ஐஆர் இருக்கு சார்’ என்று ஒருவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இன்னும் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். சிறையில் இருந்தவன் என்ற பேச்சே பெரும்பாலும் குற்றம் நிரூபிக்கப்படாத ஆளைப் பற்றிய பேச்சுதான்.

தமிழ்நாட்டிலேயே பாருங்கள். கொரோனா ஊரடங்கின்போது வெளியே வந்தவர்கள் மீது போட்ட வழக்குகள் எத்தனை தெரியுமா? 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது சொன்ன கணக்கு ஏறத்தாழ 10 லட்சம். பால் வாங்கப் போனவரும் உண்டு, பைக்கில் சும்மா சுற்றியவரும் உண்டு. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு தலைமுறை இளைஞர்களின் பெயர் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறி இறங்கியது. அதற்கு முன்பு கூடங்குளம். இடிந்தகரை, கூத்தங்குழி மீனவ கிராமங்களில் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தில் நின்றவர்கள் மீது தேசத் துரோகம் வரை வழக்குகள் பாய்ந்தன. 2013இல் உச்ச நீதிமன்றம் அணு உலைக்கு அனுமதி தந்த அதே தீர்ப்பில், போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஊர் இளைஞன் ஒருவன் உங்கள் கம்பெனியில் வெல்டர் வேலைக்கு வந்து, படிவத்தில் உண்மையை எழுதினால், அதைப் படிக்கும் எச்.ஆர். அலுவலர் முதலில் என்ன நினைப்பார்?

இதற்கு உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. 2016 ஜூலையில் வந்த அவதார் சிங் வழக்கின் தீர்ப்பு அது. வேலை கொடுப்பவர் யாராக இருந்தாலும் அதை ஒரு முறையாவது படிக்க வேண்டும். அதுவரை உச்ச நீதிமன்றத்தின் வெவ்வேறு அமர்வுகள் வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஓர் அமர்வு, மறைத்தாலே போதும், வீட்டுக்கு அனுப்பலாம் என்றது. இன்னொன்று, சின்ன வயதுத் தவறுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்றது.

இந்த இரண்டாவது வகையில் 2011இல் வந்த டெல்லி போலீஸ் வழக்கு ஒன்று எனக்குப் பிடித்தமானது. 20 வயது வாக்கில் வாடகைக்குக் குடியிருந்தவரோடு ஏற்பட்ட ஒரு கைகலப்பு வழக்காகி, பிறகு சமரசமாகி விடுதலையும் ஆனவர் ஓர் இளைஞர். தலைமைக் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தபோது அதை எழுதவில்லை. எல்லாத் தேர்விலும் தேறிய பிறகு வந்த படிவத்தில் எழுதினார். முதலில் ஏன் மறைத்தாய் என்று வேலையை மறுத்தார்கள். நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அந்தத் தீர்ப்பில் விக்டர் ஹியூகோவின் ஜீன் வால்ஜீனை நினைவுபடுத்தினார். பசிக்கு ரொட்டி திருடியவனை வாழ்நாள் முழுக்கத் திருடன் என்றே முத்திரை குத்திய கதை. இளமைத் தவறுகளை மன்னிக்கும் மனம் வேண்டும் என்பது அவர் நிலை. நல்ல தீர்ப்பு. ஆனால் மனிதாபிமானத்தை மட்டும் நம்பி ஒரு விதியை நடத்த முடியாது. அடுத்த நீதிபதிக்கு அந்த நாவல் பிடிக்காமல் போகலாம்.

அதனால்தான் அவதார் சிங் வழக்கு மூன்று நீதிபதிகள் முன் போனது. அவர்கள் வகுத்ததை என் சொற்களில் சொல்கிறேன். விண்ணப்பிப்பவர் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், அதில் விலக்கு இல்லை. மறைத்தது ஓர் அற்ப விஷயமானால், உதாரணமாக இளவயதில் கோஷம் போட்டதற்கான வழக்கு என்றால், வேலை கொடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்றதை மறைத்தால் நீக்கலாம். உண்மையைச் சொல்லி, வழக்கும் முடிந்திருந்தால்கூட அவருடைய பின்னணியைப் பார்க்க வேலை கொடுப்பவருக்கு உரிமை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பணி நிரந்தரமாகிவிட்டவரை இந்தக் காரணத்துக்காக நீக்குவதென்றால் முறையான விசாரணை நடத்தித்தான் நீக்க வேண்டும். நான் அடிக்கோடிட்டு வைத்திருப்பது இன்னொரு பகுதி: படிவத்தில் கேட்கும் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்று யாரையும் தண்டிக்க முடியாது. தன் மேல் வழக்கு இருப்பதே தெரியாதவரை மறைத்தவர் என்று சொல்ல முடியாது.

இந்தக் கடைசி விஷயம் விசித்திரமாகத் தோன்றலாம். நம் ஊர்ப் பக்கம் போனால் அதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. வரப்புத் தகராறில் இரண்டு பங்காளி வீடுகள் மோதிக்கொள்கின்றன. புகார் எழுதும்போது எதிர்வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகள் பெயரெல்லாம் சேர்கிறது. ‘அவன் பையன் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போறான், அவன் பேரையும் போடு’ என்று சொல்லியே சேர்ப்பார்கள். பையன் அன்று வெளியூரில் இருந்திருப்பான். ஒருவன் வாழ்க்கையைக் கெடுக்க இதைவிட மலிவான வழி இல்லை என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ராஜியாகிறது. நீதிமன்றத்தில் சாட்சிகள் ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்கிறார்கள், அதாவது பிறழ்சாட்சி ஆகிறார்கள். எல்லோரும் விடுதலை.

இங்கே வருகிறது சிக்கல். தமிழ்நாடு காவல்துறைப் பணி விதிகளில் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுவிக்கப்பட்டவரும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த விதி செல்லும் என்றது. காவல்துறைக்கு ஆள் எடுப்பதில் கூடுதல் கண்டிப்பு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. துப்பாக்கியும் லத்தியும் கொடுக்கப்போகிற கை அது. ஆனால் அந்த விதி நடைமுறையில் என்ன செய்கிறது? ஊர்ச் சண்டையைச் சமாதானமாக முடித்துவைத்த குடும்பத்தின் பையனுக்கு வேலை இல்லை. மூன்று வருடம் இழுத்தடித்து, குறுக்கு விசாரணை செய்து, புகார் பொய் என்று நிரூபித்தவனுக்கு வேலை உண்டு. அதற்குள் அவனுடைய வயது வரம்பு தாண்டியிருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குற்றவியல் நடுவர் நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்ற வரி பல நேரம் வழக்கமாக வந்து உட்காரும் வரி. சாட்சியே இல்லாத வழக்கிலும் அது வரும். கௌரவமான விடுதலை என்ற ஒன்றைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அறியாது என்று உச்ச நீதிமன்றமே 2012இல், தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில், ஒப்புக்கொண்டது. சட்டத்தில் இல்லாத ஒரு தரப்பிரிவை வைத்து நாம் இளைஞர்களைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

2024 பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. எழுதியவர் நம் பொள்ளாச்சிக்காரரான நீதிபதி கே.வி. விஸ்வநாதன். உத்தரப் பிரதேசத்தில் 2004இல் காவலர் வேலைக்கு விண்ணப்பித்தவர் ஒருவர். விடுதலையாகிவிட்ட ஒரு வழக்கைச் சொல்லவில்லை என்று தேர்வை ரத்து செய்தார்கள். விசாரிக்கப் போன காவல் நிலைய அதிகாரியே, இவர் நல்லவர் என்று ஊரார் சொல்கிறார்கள் என அறிக்கை தந்திருந்தார். அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை. மறைத்தவர்கள் எல்லோரையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவது நியாயமாகாது, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாக எடைபோட வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அவருக்கு வேலை கொடுக்கச் சொன்னார்கள். விண்ணப்பித்து 20 ஆண்டுகள் கழித்து.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் அரசு வேலை. அரசு தவறு செய்தால் அரசியலமைப்பின் 14, 16ஆம் உறுப்புகளைக் காட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களில் பெரும்பாலோர் தனியார் நிறுவனங்கள். உங்களைக் கட்டுப்படுத்த ஏறத்தாழ எதுவும் இல்லை. வழக்கு இருக்கிறது என்று நீங்கள் நிராகரித்தால் அந்த இளைஞனுக்குக் காரணம்கூடத் தெரியாது. ‘வி வில் கெட் பேக் டு யூ’ என்பதோடு சரி. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வேலை தொடர்பான சில நோக்கங்களுக்குத் தனி ஒப்புதல் இல்லாமலேயே தகவலைக் கையாள இடம் கொடுத்துவிட்டது.

உங்களில் பலர் இந்தச் சரிபார்ப்பை ஏஜென்சிகளிடம் விட்டிருக்கிறீர்கள். அவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்று கேட்டதுண்டா? காவல்துறையிடம் முறைப்படி விண்ணப்பித்துச் சான்று வாங்குவது ஒரு வழி. அதற்கு நாளாகும். நீதிமன்ற வழக்கு விவரங்கள் கிடைக்கும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுவது இன்னொரு வழி. சல்லிசு, உடனடி. வட இந்தியாவில் பெயரோடு குடும்பப் பெயரும் சேர்ந்து வருவதால் கொஞ்சமாவது வித்தியாசம் தெரியும். நம்மிடம் அதுவும் கிடையாது. ஒரு முருகன், தகப்பனார் பெயர் கணேசன். மதுரை மாவட்டத்தில் மட்டும் எத்தனை க. முருகன்கள் இருப்பார்கள்? நீதிமன்றப் பதிவில் பிறந்த தேதி இருக்காது, பல நேரம் முகவரியும் இருக்காது. ஏஜென்சி அறிக்கையில் சிவப்பு வண்ணத்தில் ஒரு வரி வரும்: பொருத்தம் இருக்க வாய்ப்புண்டு. எச்.ஆர். அலுவலருக்கு நூறு விண்ணப்பம் கையில் இருக்கும்போது சிவப்பு வரி உள்ளவரை ஏன் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்? தவறான பொருத்தத்தால் வேலை இழந்தவன் அது நடந்ததையே அறிய மாட்டான் என்பதுதான் இதில் எனக்குப் பொறுக்க முடியாத விஷயம்.

சரியான ஆளே ஆனாலும் விடுதலையானவரின் பெயர் இணையத்தை விட்டுப் போவதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வில் ஒருவர் இதற்காகவே வழக்குப் போட்டார். கடுமையான குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானவர். பெயரைத் தேடினால் தீர்ப்பு வந்து நிற்கிறது, நீக்குங்கள் என்றார். 2021இல் தனி நீதிபதி முடியாது என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதி அமர்வு நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்புகள் பொது ஆவணம், அவற்றை அழிக்க முடியுமா என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி. அதற்கு விடை வரும்வரை, தேடிப் பார்ப்பவர்தான் பொறுப்போடு பார்க்க வேண்டும்.

இதில் நமக்கு முன்னால் நடந்துபோனவர்கள் அமெரிக்கர்கள். விழுந்து எழுந்து போனார்கள் என்று சொல்வது சரியாக இருக்கும்.

1970இல் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு கறுப்பின இளைஞர் மிசௌரி பசிபிக் ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பித்தார். வியட்நாம் போர்க் காலத்தில் கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுத்ததற்காக 21 மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். அந்த நிறுவனத்தில் 1948 முதலே ஒரு விதி இருந்தது: சிறு போக்குவரத்துக் குற்றம் தவிர வேறு எதற்குத் தண்டனை பெற்றிருந்தாலும் வேலை இல்லை. கிரீன் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் சொல்லப்படும் அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கணக்கைப் பார்த்தது. அந்த விதியால் கறுப்பின விண்ணப்பதாரர்களில் 5.3 சதவீதமும் வெள்ளையர்களில் 2.2 சதவீதமும் கழிக்கப்பட்டிருந்தார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அடி விழுந்தது ஒரு பக்கம் கூடுதலாக. 1975இல் நீதிமன்றம் அந்த விதியை ஒதுக்கியது. அந்த வழக்கிலிருந்து உருவானவைதான் இன்றுவரை அங்கே புழங்கும் மூன்று அளவுகோல்கள்: குற்றம் எவ்வளவு கடுமையானது, நடந்து எவ்வளவு காலமாயிற்று, தேடும் வேலை எப்படிப்பட்டது. ராணுவத்துக்குப் போக மறுத்தவன் பேரேடு எழுதத் தகுதியற்றவன் என்று இந்த மூன்றையும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

ஆனாலும் மனம் மாறவில்லை. டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் 2001இல் மில்வாக்கி நகரில் ஒரு சோதனை செய்தார். ஒரே மாதிரி படிப்பு, ஒரே மாதிரி பேச்சு உள்ள இளைஞர்களை 350 நிறுவனங்களுக்கு வேலை கேட்டு அனுப்பினார். ஒருவர் மேல் போதைப்பொருள் குற்றத் தண்டனை இருப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டும், மற்றவர் சுத்தம். குற்றப் பின்னணி இல்லாத வெள்ளை இளைஞரை 34 சதவீத இடங்களில் திரும்ப அழைத்தார்கள். பின்னணி உள்ள வெள்ளையரை 17 சதவீதம். கறுப்பினத்தவரில் பின்னணி உள்ளவருக்கு 5 சதவீதம். குற்றமே செய்யாத கறுப்பின இளைஞருக்கு 14 சதவீதம்! சிறைக்குப் போய்வந்த வெள்ளையரைவிடக் குறைவு. பேஜர் 2018இல் இளவயதிலேயே மறைந்துவிட்டார். அவருடைய அந்த எண்களை அமெரிக்காவில் இதைப் பற்றிப் பேசும் எவரும் இன்றும் சொல்லாமல் இருப்பதில்லை.

இதற்கிடையே இன்னொரு இயக்கம் கிளம்பியது. விண்ணப்பப் படிவத்தில் ‘தண்டனை பெற்றிருக்கிறீர்களா’ என்று கேட்டு டிக் அடிக்க ஒரு கட்டம் இருக்குமே, அதை எடு என்பது. ஹவாய் மாநிலம் 1998இலேயே சட்டம் போட்டது. சிறையிலிருந்து வந்தவர்களே நடத்திய அமைப்பு ஒன்று கலிபோர்னியாவில் 2004 முதல் இதைப் பெரிய பிரச்சாரமாக எடுத்துச் சென்றது. 2015இல் நியூயார்க் நகரம், 2018இல் கலிபோர்னியா, 2019இல் கூட்டாட்சி அரசு வேலைகளுக்கான சட்டம் என்று பரவியது. கேள்வியே கேட்காதே என்று இவை சொல்லவில்லை. முதலில் தகுதியைப் பார், வேலை தருவதாகச் சொல், அதற்குப் பிறகு கேள் என்றன.

இதில் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. அமாண்டா ஏகன், சோன்யா ஸ்டார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 15,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். சட்டம் வருவதற்கு முன், அந்தக் கட்டம் வைத்திருந்த நிறுவனங்கள் வெள்ளையர் பெயருக்குக் கறுப்பினப் பெயரைவிட 7 சதவீதம் கூடுதலாக அழைப்பு விடுத்தன. கட்டத்தை எடுத்த பிறகு அந்த இடைவெளி 43 சதவீதமானது. தகவல் இல்லாதபோது முதலாளிகள் ஊகித்தார்கள். பெயரைப் பார்த்து, இவன் மேல் கேஸ் இருக்கும் என்று முடிவு கட்டினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நியூஜெர்சி ஞாபகம் வரவில்லை, கண்ணகி நகர் ஞாபகம் வந்தது. சென்னையின் குடிசைகளை அகற்றி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்திய ஊர். பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடங்களில் ஐடி கம்பெனிகள். ஆனால் அந்த ஊர் இளைஞர்கள் வேலைக்கு எழுதிப்போடும்போது கண்ணகி நகர் என்று எழுதத் தயங்கி, துரைப்பாக்கம் என்று எழுதிக்கொள்வது ஊரறிந்த விஷயம். அங்கே ஊகம் செய்யப் பெயர் தேவைப்பட்டது. இங்கே முகவரி போதும், சில இடங்களில் சாதி போதும். ஊகத்தையே சட்டமாக எழுதி வைத்திருந்த காலமும் நமக்கு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் சொல்கிறேன். பிறப்பையே குற்றப் பின்னணியாக்கி, கைரேகை வைக்கச் சொன்ன சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தார்கள். சட்டம் போய் முக்கால் நூற்றாண்டாகிறது. ஊகம் போகவில்லை.

ஆகவே கட்டத்தை மட்டும் எடுத்தால் போதாது. கலிபோர்னியாச் சட்டம் செய்த நல்ல காரியம், கட்டத்துக்குப் பிறகு என்ன என்பதையும் எழுதி வைத்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனமும், நிபந்தனையோடு வேலை தருவதாகச் சொன்ன பிறகே பின்னணியைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு வேண்டாம் என்று நினைத்தால், குறிப்பிட்ட அந்த வேலையையும் குறிப்பிட்ட அந்தக் குற்றத்தையும் வைத்து ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். எழுத்தில் அறிவித்து, கையில் உள்ள அறிக்கையின் நகலையும் கொடுத்து, பதில் சொல்ல ஐந்து வேலை நாட்களாவது தர வேண்டும். அதற்குப் பிறகே இறுதி முடிவு. அந்த க. முருகனை மறுபடி நினைத்துப் பாருங்கள். நகல் ஒன்று கையில் கிடைத்திருந்தால், ‘ஐயா, இது நான் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்திருப்பான்.

எதிர்வாதத்தையும் பார்க்க வேண்டும். 2014 டிசம்பரில் டெல்லியில் செயலி வழியாக அழைத்த வாடகைக் காரில் ஒரு பெண் வன்கொடுமைக்கு ஆளானார். ஓட்டுநர் அதற்கு முன்பே பாலியல் குற்றச்சாட்டைச் சந்தித்தவர். அவரிடம் இருந்த நன்னடத்தைச் சான்று போலி. யாராவது ஒருவர் ஒழுங்காகச் சரிபார்த்திருந்தால் அது நடந்திருக்காது. இரவில் தனியாக ஒரு பெண்ணை ஏற்றிச் செல்லும் வேலைக்கு ஆளைச் சரிபார்க்காமல் விட்ட நிர்வாகத்துக்காக நான் ஒருநாளும் வாதாட மாட்டேன். பள்ளிகள், விடுதிகள், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்கள் எல்லோரையும் அவ்வப்போது காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அதில் சமரசம் கூடாது.

ஆனால் டெல்லிச் சம்பவத்தை மறுபடி பாருங்கள். அங்கே படிவம் இருந்தது, சான்று இருந்தது, முத்திரை இருந்தது. சரிபார்ப்புதான் இல்லை. எல்லா வேலைக்கும் எல்லாரையும் ஒரே சல்லடையில் போட்டுச் சலிக்கும் நிர்வாகம், உண்மையில் ஆபத்தான வேலைக்கு ஆபத்தான ஆள் வரும்போது அசந்து போயிருக்கும். பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டும் ஆளுக்கு எதற்கு ஏழு வருட வழக்கு வரலாறு? அந்தப் பணத்தையும் நேரத்தையும் கம்பெனி பேருந்து ஓட்டும் ஆள் மேல், பெண்கள் விடுதிக் காவலர் மேல், கல்லாவில் உட்காரும் ஆள் மேல் செலவிடுங்கள். எந்த வேலைக்கு என்ன பார்ப்பது என்று ஆள் தேடத் தொடங்குவதற்கு முன்பே எழுதி வையுங்கள். நிதிப் பிரிவுக்கு மோசடி வழக்கு முக்கியம், பத்து வருடத்துக்கு முந்தைய கைகலப்பு முக்கியமில்லை. ஓட்டுநருக்குக் குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு முக்கியம், மறியல் வழக்கு முக்கியமில்லை.

காலக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்பிரட் புளூம்ஸ்டீன், கிமினோரி நகமுரா என்ற இரு ஆய்வாளர்கள் நியூயார்க் மாநிலப் பதிவுகளை வைத்து 2009இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 18 வயதில் வழிப்பறிக்காகக் கைதான ஒருவர் அதற்குப் பிறகு எந்த வம்புக்கும் போகாமல் 7.7 ஆண்டுகள் இருந்துவிட்டால், அவர் மறுபடி கைதாகும் வாய்ப்பு அதே வயதுடைய மற்றவர்களுக்கு இருக்கும் அளவுதான். வீடு புகுந்து திருடியவருக்கு அது 3.8 ஆண்டு. நம் ஊருக்கு இப்படி ஒரு கணக்கை யாரும் போடவில்லை, போட வேண்டும். பிரிட்டன் 1974லேயே குறிப்பிட்ட காலம் கழிந்த தண்டனைகளைச் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் போட்டுவிட்டது. நம்மிடம் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அதில் ஒரு பங்கைச் செய்கிறது. மிகக் கொடிய குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரிக்கப்பட்ட சில வழக்குகள் தவிர, 18 வயதுக்கு முன் நடந்த எதுவும் ஒருவருக்குத் தகுதிக் குறைவாகாது, பதிவுகளையே அழிக்க வேண்டும் என்கிறது அதன் 24ஆம் பிரிவு. ஆகவே ‘எப்போதாவது’ என்று கேட்கும் உங்கள் படிவம், சிறார் பருவத்தையும் சேர்த்துத்தான் கேட்கிறது. 18 வயதுக்குப் பிறகு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் இருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும், வேலை தேடும் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. படிவத்தில் கேட்டிருந்தால் எழுதுங்கள். மறைக்காதீர்கள். வழக்கால் வேலை இழந்தவனைக் காப்பாற்ற எனக்குச் சில வழிகள் உண்டு. மறைத்து மாட்டியவனைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினம். எழுதும்போது ‘ஆம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். வழக்கு எண், எந்த நீதிமன்றம், என்ன முடிவு என்று எழுதி, தீர்ப்பின் சான்றிட்ட நகலை இணையுங்கள்.

கோவையிலும் புழலிலும் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகளில் நீங்கள் வண்டிக்கு எண்ணெய் போட்டிருப்பீர்கள். எண்ணெய் போடுவதும் காசு வாங்குவதும் தண்டனைக் கைதிகள். நாமும் பணத்தைக் கொடுத்து மீதியை வாங்கி, எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போகிறோம். அதே ஆள் தண்டனை முடிந்து வெளியே வந்து இன்னொரு பங்க்கில் அதே வேலை கேட்டால், கிடைக்காது. சிறைக்குள் இருக்கும்வரை நம்பிக்கையானவர், விடுதலையானதும் ஆபத்தானவர் என்ற இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதற்கு நாடாளுமன்றம் ஒரு நாள் சட்டம் போடலாம், போடாமலும் இருக்கலாம். நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, வழக்கு பற்றிய கேள்வியை விண்ணப்பத்திலிருந்து எடுத்து, ஆஃபர் லெட்டருக்குப் பிறகு வையுங்கள். கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். நிராகரிப்பதென்றால் அறிக்கையின் நகலைக் கொடுத்து ஒரு வாரம் அவகாசம் தாருங்கள். புதிய படிவத்தை எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள்; அதற்குக் கட்டணம் வாங்க மாட்டேன்.